வீட்டுக் கழிவுநீர்க் குழாயும் நம் பொறுப்பும்

நம் நகரங்களின் கழிவுநீர்த் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது பெரிய எண்களே முன்னால் வந்து நிற்கின்றன. ஐதராபாத்தை எடுத்துக்கொள்வோம். மூசி ஆற்றை ஒட்டி அம்பர்பேட்டையில் உள்ள சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 33.9 கோடி லிட்டர் கழிவுநீரை ஏற்கும் திறன் வாய்ந்தது. 2021-ஆம் ஆண்டில் அந்நகருக்கு மேலும் 31 நிலையங்கள் அமைக்க ஒப்புதல் அளிக்கப்பட்டது. அவற்றின் மொத்தத் திறன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 125 கோடி லிட்டர். இவை பாராட்டத்தக்க முயற்சிகளே. ஆயினும் அந்நிலையங்களைச் சென்றடையும் வீட்டுக் கழிவுநீர் அனைத்தும் முதலில் ஒரு சிறு குழாயைக் கடந்தாக வேண்டும். கழிப்பறை, குளியலறை, சமையலறை ஆகியவற்றின் நீரை ஒன்றுசேர்த்து, வாசலைக் கடந்து, வீதியின் பொதுச் சாக்கடையில் கொண்டு சேர்க்கும் குழாய் அது. நான்கு அல்லது ஆறு அங்குல விட்டமும், பெரும்பாலும் முப்பது நாற்பது அடி நீளமுமே உடைய இக்குழாயைப் பற்றித் திட்ட அறிக்கைகள் அதிகம் பேசுவதில்லை.

மனையின் எல்லைக்குள் கிடக்கும் இக்குழாய் வீட்டுக்காரரின் சொத்து. ஆனால் அதன் குறைகள் வீட்டோடு நின்றுவிடுவதில்லை. வீதிக்கும், கிணற்றுக்கும், சாக்கடையைத் துப்புரவு செய்யும் தொழிலாளிக்கும் அவை தீங்காக முடிகின்றன. ஆகவே, புதிதாகப் போட்டாலும் பழையதை மாற்றினாலும், இக்குழாயை மண்ணிட்டு மூடுமுன் பொறுப்புள்ள ஓர் ஊழியர் சோதித்துப் பார்ப்பதும், அதன் வரைபடத்தை வீட்டிலும் அலுவலகத்திலும் பாதுகாத்து வைப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. அதற்குரிய காரணங்களை இங்கே விளக்க முற்படுகிறேன்.

ஐதராபாத்தின் அனுபவம்

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி ஆறு கரைபுரண்டு நகரைச் சூறையாடியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின் நிஜாம் அரசாங்கம் புகழ்பெற்ற பொறியியல் நிபுணர் விசுவேசுவரய்யாவை வரவழைத்தது. 1909-இல் பணியை ஏற்ற அவரிடம் ஒப்படைக்கப்பட்டது வெள்ளத் தடுப்பு மட்டுமன்று. நகருக்கு ஒரு கழிவுநீர்த் திட்டத்தை வகுத்தளிப்பதும் அப்பணியில் அடங்கியிருந்தது. வெள்ளத்தைத் தேக்க 1920-இல் உஸ்மான் சாகரும் 1927-இல் இமாயத் சாகரும் எழுந்தன. நிலத்தடிச் சாக்கடை அமைக்கும் பணி 1931-இல் தொடங்கிற்று. 54 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் வாழ்ந்த 4.68 இலட்சம் மக்களைக் கருதி வகுக்கப்பட்ட திட்டம் அது.

நகரம் அந்த அளவில் நிற்கவில்லை. குடிநீருக்கும் கழிவுநீருக்குமான தனி வாரியம் 1989-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நிறுவப்பட்டது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மாநகராட்சி எல்லைக்குள் 67 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். பொதுச் சாக்கடைகள் படிப்படியாக நீட்டப்பட்டன. பல இடங்களில் பெரிதாக்கப்பட்டன. வீட்டுக் குழாய்களின் கதை வேறு. ஓடு வேய்ந்த ஒற்றை வீடு இடிக்கப்பட்டு ஐந்து அடுக்குக் கட்டிடம் எழும்பும். ஆனால் வாசலுக்கு அடியில் கிடக்கும் பழைய குழாயை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. ஒரு குடும்பத்திற்காகப் போட்ட குழாயில் இருபது குடும்பங்களின் கழிவுநீர் செல்லத் தொடங்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குவது அவசியம். குடும்பங்கள் பெருகியதால் குழாய் சிறிதாகிவிட்டது என்று பலர் கருதுகின்றனர். ஆறு அங்குலக் குழாய் ஒன்று உரிய சரிவோடு அமைந்திருந்தால், அது வினாடிக்கு 15 லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கடத்தவல்லது. இருபது குடும்பங்கள் ஒரே நேரத்தில் விடும் நீர் அந்த அளவை எட்டுவது அரிது. குழாயின் விட்டம் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கும். போதாமற்போவன அதன் வாட்டமும் மூட்டுகளுமே. அவசியமின்றிப் பெரிய குழாயைப் பதிப்பதும் நன்மை தராது. அகன்ற குழாயில் குறைந்த நீர் மெல்லிய படலமாக ஓடுமாதலால், திடப்பொருள்கள் வழியிலேயே தங்கிவிடும்.

வாட்டம் என்னும் விஞ்ஞானம்

கொத்தனார்கள் சரிவை 'வாட்டம்' என்பர். கழிவுநீர்க் குழாயில் நீரைத் தள்ளும் இயந்திரம் எதுவும் இல்லை. புவியீர்ப்பே அங்கே இயந்திரம். ஓடும் நீர், மணலையும் மலத்தையும் காகிதத்தையும் தன்னோடு இழுத்துச் செல்லவேண்டுமானால் அது வினாடிக்கு 0.6 மீட்டர் வேகத்திற்குக் குறையாமல் ஓடவேண்டும் என்பது பொறியியலார் கண்ட அளவு. இதனைக் குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் வேகம் எனலாம். இவ்வேகத்தைத் தருவது வாட்டம்.

நினைவில் வைத்துக்கொள்ள எளிய பழைய விதி ஒன்று உண்டு. குழாயின் விட்டத்தை அங்குலத்தில் கூறி, அதைப் பத்தால் பெருக்குக. நான்கு அங்குலக் குழாய்க்கு 40 அடி நீளத்தில் ஓர் அடி இறக்கம். ஆறு அங்குலக் குழாய்க்கு 60 அடியில் ஓர் அடி. ஒன்பது அங்குலக் குழாய்க்கு 90 அடியில் ஓர் அடி. அதாவது, வீட்டிலிருந்து வீதிவரை 40 அடி தூரமிருந்தால் நான்கு அங்குலக் குழாயின் மறுமுனை 12 அங்குலமும், ஆறு அங்குலக் குழாயின் மறுமுனை 8 அங்குலமும் தாழ்ந்திருக்க வேண்டும். இந்த இறக்கம் நெடுகச் சீராக அமைவதும் முக்கியமாகும். நடுவில் ஓரிடத்தில் குழாய் தொய்ந்தால் அங்கே நீர் தேங்கும். தேங்கிய நீரில் வண்டல் படியும். வண்டலின்மேல் சமையலறைக் கொழுப்பு உறையும். இரு முனைகளை மட்டும் அளந்து பார்ப்பவருக்கு இக்குறை புலப்படாது.

ஐதராபாத்தில் இவ்விதியைக் காப்பது மற்ற ஊர்களைவிடக் கடினம். தக்காணப் பீடபூமியின் மிகப் பழைமையான கருங்கற்பாறையின்மேல் அந்நகரம் அமைந்திருக்கிறது. பஞ்சாரா குன்று, ஜூபிலி குன்று முதலிய பகுதிகளில் வீடுகளுக்கிடையே பெரும் பாறைகள் உருண்டு கிடப்பதை இன்றும் காணலாம். அகழி தோண்டும்போது மேலே உதிர்ந்த சரளை எளிதில் பெயரும்; அதற்குக் கீழே உள்ள கெட்டிப்பாறையை உடைக்கவேண்டும். செலவு முழுவதும் அந்தக் கடைசி ஓரடியில்தான். மொத்தத் தொகைக்கு வேலையை ஒப்புக்கொண்டவர் அங்கே கைவிட்டு, குழாயைச் சற்றே உயர்த்திப் பதித்து மூடிவிடுவார். 12 அங்குல இறக்கம் 5 அங்குலமாகக் குறைந்துபோகும். வீட்டுக்காரர் பார்ப்பது மூடிய மண்ணையும் அதன்மேல் போட்ட சிமெண்டுத் தளத்தையும் மட்டுமே. முதல் ஆண்டு நீர் ஓடும். பின்னர் ஆண்டுக்கு ஆண்டு அடைப்பு மிகுதியாகும்.

பாறை மற்றொரு தீங்கையும் செய்கிறது. உடைத்த பாறையின் கூர்முனைகள்மேல் குழாயை அப்படியே கிடத்தினால், மேலே செல்லும் வண்டியின் பாரம் அம்முனைகளில் குவியும். சுட்டமண் குழாயானால் விரிசல் விடும், பி.வி.சி. குழாயானால் நசுங்கும். குழாய்க்கு அடியில் நான்கு அங்குலத்திற்குக் குறையாமல் மணலோ பொடிச்சரளையோ பரப்பிச் சமன்செய்யவேண்டும். பக்கங்களிலும் மேலேயும் கல்லில்லாத மண்ணையே இட்டுத் திமிசு போடவேண்டும். தோண்டி எடுத்த கற்களையே அகழியில் தள்ளி மூடுவது, குழாய்மேல் கல்லெறிவதற்குச் சமம்.

மாற்றுமுன் அறியவேண்டியவை

பழைய வீடுகளில் ஸ்டோன்வேர் எனப்படும் மெருகிட்ட சுட்டமண் குழாய்களே பெரும்பாலும் பதிக்கப்பட்டன. அமிலத்தாலும் வாயுக்களாலும் அரிக்கப்படாத நல்ல பொருள் அது. அதன் குறை மூட்டுகளில் உள்ளது. சிறு துண்டுகளாக வருவதால் நாற்பது அடி நீளத்தில் பல மூட்டுகள் அமையும். அவற்றில் இட்ட சிமெண்டுச் சாந்து நிலம் அசையும்போது வெடிக்கும். ஈரத்தைத் தேடிவரும் ஆல், அரசு முதலியவற்றின் வேர்கள் அவ்வெடிப்பில் நுழைந்து, உள்ளே சடைபோல் வளரும். இன்று வரும் பி.வி.சி. குழாய்கள் நீண்டவை, மூட்டுகள் குறைவு. நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்க்கென இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 15328 என்னும் தரத்தை வகுத்துள்ளது. கட்டிடத்தின் சுவர்மீது இறங்கும் குழாய்களுக்குரிய தரம் வேறு; அது ஐ.எஸ். 13592. சுவருக்குரிய மெல்லிய குழாயை மண்ணுக்குள் புதைப்பது பரவலாகக் காணப்படும் தவறு. குழாயின்மேல் அச்சிட்டுள்ள எண்ணைப் படித்துப் பார்த்தாலே இதைத் தவிர்க்கலாம்.

எனினும் புதிய பொருள் பழைய குறையைத் தீர்த்துவிடாது. வாட்டம் தவறிய பாதையில் சுட்டமண் குழாயை எடுத்துவிட்டுப் பி.வி.சி. குழாயைப் பதித்தால், அடைப்பு மட்டுமே புதியதாகும். ஆகவே மாற்றுமுன் அளந்தறிய வேண்டும். கீழ்த்தளத்தில் நீர் மெல்ல வடிதல், ஒரு கழிப்பறையில் நீரூற்றினால் மற்றொன்றில் குமிழியிடுதல், முற்றத்தில் ஓரிடம் மட்டும் எப்போதும் ஈரமாயிருத்தல் ஆகியவை குழாயின் நோய்க்குறிகள். குழாய்க்குள் செலுத்திப் பார்க்கும் சிறு காமிராக்கள் இப்போது கிடைக்கின்றன. நோய் எங்கே என்று தெரிந்தபின் அந்த இடத்தை மட்டும் திருத்தினால் போதுமா, முழுவதும் மாற்றவேண்டுமா என்று முடிவு செய்யலாம்.

மற்றொரு சிக்கல் வீதி உயர்வது. பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன்மேலேயே தார் போட்டுப்போட்டு வீதிகள் உயர்ந்துவிட, வீடுகள் தாழ்ந்துபோகின்றன. செல்லார் என்று அந்நகரத்தார் வழங்கும் நிலவறையில் கழிப்பறை அமைப்போரும் உளர். பொதுச் சாக்கடை நிரம்பும்போது அத்தகைய வீடுகளுக்குள் கழிவுநீர் எதிர்த்து ஏறும். அங்கே நீரை ஒரு திசையில் மட்டும் விடும் தடுப்பிதழ் இன்றியமையாதது. தளம் மிகத் தாழ்ந்திருப்பின் இறைப்பானே வழி.

சாக்கடை நிரம்புவதற்கு நாமே காரணமாயிருப்பதையும் உணரவேண்டும். மாடியில் பெய்யும் மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்று கொண்டு, அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகும் எனின், ஐவர் வாழும் வீட்டின் கழிவுநீர் நாளொன்றுக்கு 540 லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேரும் நீர் ஏறத்தாழ 4,600 லிட்டர். எட்டு நாள் கழிவுநீரை ஒரே மணியில் சாக்கடையில் கொட்டுவதற்கு இது ஒப்பாகும். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 13, 14 நாட்களில் ஐதராபாத்தில் பெய்த பெருமழையைப் போன்ற வேளைகளில், வீடுதோறும் இவ்வாறு நீரை விட்டால் எந்தச் சாக்கடைதான் தாங்கும்?

ஒரு வீட்டுக் குழாய் கற்பித்த பாடம்

ஒரு வீட்டின் குழாய் அவ்வீட்டாரின் சொந்த விஷயம் என்போர் 1854-ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கவேண்டும். பிராடு வீதி என்னும் தெருவின் கைப்பம்பைச் சுற்றி வாந்திபேதி பரவி, சில வாரங்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நோய் நீரின் வழியே பரவுகிறது என்று டாக்டர் ஜான் ஸ்நோ காட்டியதும், பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டதும் பாடநூல்களில் உள்ளன. அதன் பிற்பகுதியைப் பலர் அறியார். அப்பகுதியின் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட், நோய் தொடங்கிய இடத்தைத் தேடிச் சென்று, பம்புக்கு எதிரே 40-ஆம் எண் வீட்டில் ஒரு குழந்தை முதலில் நோயுற்றிருந்ததைக் கண்டார். 1855-இல் அவ்வீட்டின் கழிவுக் குழியையும் வடிகாலையும் தோண்டிப் பார்த்தபோது, செங்கற்கள் உளுத்துப்போய், கழிவு மண்ணில் கசிந்துகொண்டிருந்தது. கிணற்றுக்கும் அக்குழிக்கும் இடையே மூன்றடித் தூரமும் இல்லை.

தெருவிலிருந்த பெரிய சாக்கடையில் குற்றம் காணப்படவில்லை. ஒரு வீட்டின் சிதைந்த வடிகாலே அத்தனை உயிர்களுக்கும் எமனாயிற்று. நம் வீடுகளில் குடிநீர்த் தொட்டியும் ஆழ்குழாய்க் கிணறும் கழிவுநீர்க் குழாயும் ஒரே குறுகிய முற்றத்தில் அருகருகே இருப்பதைக் காணும்போது இந்நிகழ்ச்சியை நினையாதிருக்க முடியாது.

வண்டல் தொட்டி

வீட்டுக் குழாய் பொதுச் சாக்கடையைச் சேருமுன் அதன் வழியில் ஒரு சிறு தொட்டியை அமைத்து, மணலும் சோறும் கந்தலும் அதில் தங்குமாறு செய்வது நல்ல முறை. ஐதராபாத் வாரியம் உணவகங்கள், அடுக்குமாடிக் கட்டிடங்கள் போன்றவற்றிற்கு வண்டல் தொட்டியை வலியுறுத்தி வருகிறது. இது புதிய கற்பனையன்று. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மொகஞ்சதாரோவில் வீட்டு வடிகால்கள் சிறு குழிகளில் விழுந்து, கசடு தங்கியபின்னரே தெருவின் மூடிய வடிகாலில் சேருமாறு அமைக்கப்பட்டிருந்ததை அகழ்வாராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கீழடியில் கிடைத்த சுட்டமண் குழாய்களும் நீரை வழிப்படுத்துவதில் நம் முன்னோர் காட்டிய கவனத்திற்குச் சான்று பகர்கின்றன.

இத்தொட்டியை வீட்டார் மேலிருந்தபடியே அகப்பையாலோ வாளியாலோ துப்புரவு செய்துவிடலாம். மனிதர் எவரும் உள்ளே இறங்கவேண்டியதில்லை. தொட்டி இல்லாவிடில் அதே வண்டல் வீதிக்குச் சென்று, மேன்ஹோல் என்று வழங்கும் ஆள்நுழை குழியின் அடியில் படியும். அங்கே படிந்த வண்டலை எடுப்பது யார் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

குழியில் இறங்கும் மனிதன்

தேங்கிய கழிவில் காற்று புகாதபோது, அதிலுள்ள சல்பேட்டு உப்புக்களை நுண்ணுயிர்கள் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை வெளியிடுகின்றன. காற்றைவிடக் கனமானதாகையால் அது குழியின் அடியில் தங்கும். சிறிய அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். பத்து இலட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவை எட்டினால், மூக்கின் உணர்வு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆபத்து நீங்கிவிட்டதென்று மனிதன் நினைப்பது அப்போதுதான். 700 பங்குக்கு மேற்பட்டால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். சில நிமிடங்களில் உயிர் போகும். குழியின் வாயில் சோதித்துப் பார்த்து வாயு இல்லையென்று கூறுவதும் போதாது. கீழே நின்று வண்டலைக் கிளறும்போது அதற்குள் அடைபட்டிருந்த வாயு திடீரென வெளிப்படும். ஒருவர் விழுந்ததைக் கண்டு மற்றொருவர் காப்பாற்ற இறங்குவார், அவரும் வீழ்வார். ஒரே குழியில் இருவர் மூவர் மாள்வது இவ்வாறுதான். 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐதராபாத்தின் மாதாப்பூர்ப் பகுதியில் ஒரே ஆள்நுழை குழியில் நான்கு பேர் உயிரிழந்தனர்.

இத்தொழிலில் இறங்குவோர் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சட்டமே ஒப்புக்கொண்டுள்ளது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனங்களும் முன்னெச்சரிக்கைகளும் இன்றிச் சாக்கடையையோ மலக்குழித் தொட்டியையோ கையால் துப்புரவு செய்ய எவரையும் நேராகவோ மறைமுகமாகவோ அமர்த்தக்கூடாது. முதல் குற்றத்திற்கே இரண்டாண்டு வரை சிறையும் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இத்தடை நகராட்சிகளுக்கு மட்டும் உரியதன்று. அடைப்பெடுக்க ஒருவரைக் கூலிக்கு அழைக்கும் வீட்டுக்காரருக்கும் உரியது. சாக்கடை மரணங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது.

ஐதராபாத்தில் நல்ல முயற்சிகளும் நடந்துள்ளன. பெரிய வண்டிகள் நுழையமுடியாத சந்துகளுக்காக, அழுத்த நீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் எழுபது சிறு வண்டிகள் 2017-இல் பணிக்கு வந்தன. தலித் தொழில்முனைவோரே அவற்றின் உரிமையாளர்களாகும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. குழிக்குள் இறங்கிய சமூகம் வண்டிக்கு உடைமையாளராவது மதிக்கத்தக்க மாற்றம். ஆயினும் இயந்திரம் அடைப்பை நீக்குமே தவிர, அடைப்பு உண்டாகும் காரணத்தை நீக்காது. வாட்டம் கெட்ட குழாய்களும் வண்டல் தொட்டியில்லாத இணைப்புகளும் பெருகப் பெருக, வண்டி வருமுன் அவசரத்திற்கு ஒரு மனிதனைத் தேடும் வழக்கமும் தொடரும்.

மறுப்புகளும் விடைகளும்

ஒவ்வொரு வீட்டுக் குழாயையும் சோதிப்பதென்றால் அதற்கு எத்தனை ஊழியர் வேண்டும், அதுவே மற்றொரு தாமதத்திற்கும் கையூட்டுக்கும் இடமாகாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சோதனை ஊழியரின் சொல்லை மட்டும் நம்பியதாக இருந்தால் அந்த அச்சம் மெய்யாகும். ஆனால் இதற்குரிய சோதனைகள் எவரும் கண்ணால் காணக்கூடியவை. குழாயின் உள்விட்டத்தைவிட 13 மில்லிமீட்டர் குறைந்த வழுவழுப்பான பந்து ஒன்றை மேல்முனையில் விட்டால் அது தடையின்றி உருண்டு கீழ்முனையில் வெளிவர வேண்டும். ஒரு முனையில் விளக்கும் மறுமுனையில் கண்ணாடியும் வைத்துப் பார்த்தால் ஒளி முழு வட்டமாகத் தெரியவேண்டும். வட்டம் குறைந்தால் குழாய் வளைந்தோ தொய்ந்தோ இருக்கிறது. கீழ்முனையை அடைத்து நீர் நிரப்பி அரைமணி நேரம் காத்திருந்தால், மட்டம் இறங்குவதிலிருந்து கசிவு தெரியும். வீட்டுக்காரரும் கொத்தனாரும் ஊழியரும் சேர்ந்து நின்று பார்க்கும் இச்சோதனைகளில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. வேலை நடக்கும் நாளிலேயே ஊழியர் வராவிடில், வீட்டார் படமெடுத்து அனுப்பி மூடிக்கொள்ளலாம் என்று விதி செய்தால் தாமதமும் இராது.

ஏழைகளால் இச்செலவைத் தாங்க இயலுமா என்பது அடுத்த கேள்வி. பாறையை உடைக்கும் செலவே பெரும்பாலும் வாட்டத்தைக் கெடுக்கிறது என்று கண்டோம். அந்தச் செலவை ஏழை வீடுகளுக்கு அரசாங்கம் ஏற்பதே முறை. கோடிக்கணக்கில் செலவிட்டு வீதியில் சாக்கடையைப் பதித்துவிட்டு, அதனோடு வீட்டை இணைக்கும் கடைசி நாற்பது அடிக்கு உதவ மறுப்பது சிக்கனமாகாது. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் பாதாளச் சாக்கடைத் திட்டங்கள் நடைபெற்றுவரும் இக்காலத்தில், ஐதராபாத்தின் அனுபவத்தை நாமும் கருத்திற்கொள்ள வேண்டும். வீதிக் குழாயோடு வீட்டு இணைப்பையும் ஒரே வேலையாகக் கருதித் திட்டமிட்டால் பிற்காலச் செலவு குறையும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

களப்பணியாளர்கள் ரசமட்டம், நூல், அளவுநாடா, பந்து, கைவிளக்கு, கண்ணாடி ஆகிய ஆறு பொருள்களை ஒரு பையில் வைத்திருந்தால் போதும். குழாய் போகும் பாதை, ஆழம், ஆய்வுத் தொட்டிகளின் இடம், இரு முனைகளின் மட்டம் ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து, ஒரு படியை வீட்டாரிடம் கொடுத்து, அதை வீட்டுப் பத்திரத்தோடு வைக்கச் சொல்லவேண்டும். இருபதாண்டுகள் கழித்து அடைப்பெடுக்க வருபவர், தளம் முழுவதையும் உடைக்காமல் உரிய இடத்தில் தோண்டுவதற்கு அத்தாள் உதவும்.

ஆசிரியர்கள் இப்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். நாலடி நீளமுள்ள ஒரு குழாயை நெடுக்காகப் பிளந்து கால்வாய்போல் ஆக்கிக்கொள்க. அதில் ஒரு பிடி மணலைத் தூவி, ஒரு முனையை நாலடிக்கு ஓர் அங்குலமும் பிறகு ஒன்றரை அங்குலமும் உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு குவளை நீரை ஒரே வேகத்தில் ஊற்றச் செய்க. எஞ்சிய மணலை மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பின்னர் ஒன்றரை அங்குலத்தைவிடக் குறைத்தும் கூட்டியும் தாமே சோதிக்கட்டும். சரிவும் வேகமும் பற்றிய பாடம் இதனால் விளங்கும். அதோடு, குழாயில் படிந்த மணலை யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டும் என்பதையும், அவர் ஒரு மனிதர் என்பதையும் ஆசிரியர் எடுத்துரைக்க வேண்டும். தம் வீட்டுக் குழாய் எங்கே செல்கிறது, வண்டல் தொட்டி உண்டா, மாடி மழைநீர் எதில் சேர்கிறது என்று மாணவர்கள் விசாரித்து எழுதிவரட்டும். பல வீடுகளில் பெரியவர்கள் இக்கேள்விகளை முதன்முறையாக எதிர்கொள்வார்கள்.

ஆள்நுழை குழிக்குள் எவரும் இறங்காத நாள் வரவேண்டுமென்று நாம் அனைவரும் விரும்புகிறோம். அதற்கு இயந்திரங்களும் சட்டமும் தேவை, அவை வந்துகொண்டிருக்கின்றன. எஞ்சியிருப்பது வீட்டு வாசலில் செய்யவேண்டிய வேலை. அடுத்த முறை உங்கள் தெருவில் ஓர் அகழி திறந்திருப்பதைக் கண்டால், மண் தள்ளுமுன் சிறிது நேரம் நிறுத்தச் சொல்லி, பந்தை உருட்டிப் பாருங்கள்.